ஒலிச்சித்திரம் என்று நினைத்துக் கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள், 1940களின் அமெரிக்க வானொலிப் பதிவுகளுக்குள் நுழைந்ததும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படத்தின் ஒலியை வெட்டிச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 'லக்ஸ் ரேடியோ தியேட்டர்' என்ற அமெரிக்க வானொலி நாடக நிகழ்ச்சி செய்தது வேறு. கதையை வானொலிக்கென்று மறுபடி எழுதி, ஹாலிவுட் அரங்கில் ரசிகர்கள் முன்னால், கையில் தாளோடு மைக் முன் நின்று நடிகர்கள் நேரலையில் நடித்தார்கள். காதில் விழும் சிரிப்பு அந்த ரசிகர்களுடையது. (ஆமாம், விளம்பரதாரர் அதே லக்ஸ் சோப்புதான்.)

படத்தில் நடித்தவரே இதிலும் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். 'தி லேடி ஈவ்' படத்தில் பார்பரா ஸ்டான்விக்குக்கு ஜோடி ஹென்றி ஃபோண்டா. 1942 மார்ச்சில் லக்ஸில் ரே மிலண்ட். படத்தில் ஃபோண்டா தடுக்கித் தடுக்கி விழுவார். வானொலியில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? அந்த மாதிரிச் சேட்டைகளை வசனமாகவோ ஒரு 'தடால்' சத்தமாகவோ மாற்றியாக வேண்டும். படத்தோடு காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டு 'கெடுத்துவிட்டார்கள்' என்பது நியாயமில்லை. அதிலும் ஒரு மணி நேரத்தில் விளம்பரமும் நட்சத்திரங்களின் அரட்டையும் போக மிச்சம்தான் கதைக்கு.

அந்த அரட்டையையும் விளம்பரத்தையும் ஓட்டிவிட்டுக் கேட்பவர்கள் இரண்டாம் உலகப் போரையே ஓட்டிவிடுகிறார்கள். காதல் கதைக்குள் போர் அநேகமாக வராது; இடைவேளையில்தான் வரும். போர்க்கடன் பத்திரம் வாங்குங்கள், வறுத்து மிஞ்சிய கொழுப்பைக் கசாப்புக் கடையில் கொடுங்கள் என்று அந்தக் கால வானொலி கேட்டுக்கொண்டே இருந்தது. கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. 1942 ஜூலையில் 'தி பிலடெல்பியா ஸ்டோரி' ஒலிபரப்பானபோது, அதில் நடித்த, அதே படத்துக்கு ஆஸ்கர் வாங்கியிருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ராணுவ விமானப்படை லெப்டினன்ட்!

சரி, உங்களுக்குக் கிடைத்த பதிவில் விளம்பரமே இல்லையா? அது படைவீரர்களுக்கான வானொலிச் சேவை, விளம்பரங்களை நீக்கி இசைத்தட்டில் அனுப்பிய பிரதியாக இருக்கலாம். அதையே மூல ஒலிபரப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

ஆண்டிலும் கவனம் வேண்டும். 1940 செப்டம்பரில் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' லக்ஸில் வந்தபோது லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. தேதியில்லாத பதிவுக்கு ஒரு சின்ன உபாயம்: தொகுப்பாளர் குரலைக் கேளுங்கள். தயாரிப்பாளர் என்று அறிமுகமாகும் திரைப்பட இயக்குநர் செசில் பி. டிமில் உண்மையில் தொகுப்பாளர்தான். நாடகத்தை இயக்கியவர்கள் வேறு ஆட்கள். வானொலிக் கலைஞர்களின் தொழிற்சங்கம் ஓர் அரசியல் பிரசாரத்துக்காகக் கேட்ட 1 டாலரைத் தர மறுத்து, 1945 ஜனவரியோடு அவர் விலக வேண்டியதாயிற்று. அவர் தொகுத்து வழங்கினால், பதிவு அதற்கு முந்தையது.