சிறுமூளையும் மொழியும்: நாம் தவறாகப் புரிந்துகொள்பவை

சிறுமூளை என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த ஒற்றை வரிதான் பலருக்கு நினைவு வரும்: உடலின் சமநிலையைக் காப்பது. அந்த வரி பொய்யில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு. பருமனில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வைத்து நடந்த ஓர் ஆய்வு 1988-இல் வெளியானது. ஒரு பெயர்ச்சொல்லைக் காட்டி, அதற்கேற்ற வினைச்சொல்லைக் கேட்டார்கள். கத்தி என்றால் வெட்டு என்பதுபோல. காட்டிய சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வதைவிட, வினையைத் தேடிச் சொல்லும்போது வலது சிறுமூளை கூடுதலாக வேலை செய்தது. இரண்டிலும் வாய் அசையத்தான் செய்கிறது. கூடுதலாக இருந்தது சொல்லைத் தேடும் வேலை.

அடுத்த தவறு, பக்கத்தைக் குழப்பிக்கொள்வது. பெரும்பாலோருக்கு மொழி இடது பெருமூளையில். நரம்புப் பாதைகள் குறுக்கே கடப்பதால் அதற்குத் துணை நிற்பது வலது சிறுமூளை. ஸ்கேன் அறிக்கையில் 'வலது' என்று பார்த்ததும், மொழிக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியடைய வேண்டாம்.

அதற்காக மொழியே சிறுமூளையில்தான் இருக்கிறது என்பதும் மிகை. அடுத்து வரப்போவதை முன்கூட்டியே ஊகித்துத் தருவது அதன் பணிகளில் ஒன்று என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "மழை வரும்போல இருக்கு, குடையை..." என்று கேட்டதுமே "எடுத்துக்கோ" நம் மனத்துக்குள் வந்துவிடுகிறதல்லவா, அந்த மாதிரி ஊகம்.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொரு தவறு. சிறுமூளைப் பகுதியில் கட்டியை அகற்றிய சில குழந்தைகள், ஓரிரு நாளில் பேச்சையே இழந்துவிடுவார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கும். "பிடிவாதம் பிடிக்கிறான், பயந்துட்டான்" என்று சொல்லி அதட்டாதீர்கள். அவன் பேச மறுக்கவில்லை, பேச முடியவில்லை. நாம் சொல்வது புரியக்கூடும், அதனால் அவனிடம் தொடர்ந்து பேசுங்கள். தலையசைத்தோ கைகாட்டியோ பதில் சொல்ல வழிவிடுங்கள். அவன் முன்னாலேயே அவனைப் பற்றிக் கவலையாகப் பேச வேண்டாம்.

பேச்சு திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டதென்று சிலர் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். முதலில் வரும் பேச்சு மெதுவாக, குழறலாக இருக்கும். உச்சரிப்புத் தெளிந்த பிறகும் வேண்டிய சொல் கிடைக்கத் தாமதமாகலாம். இதை வகுப்பாசிரியரிடம் பெற்றோர் முன்பே சொல்லிவைப்பது நல்லது.