பிரிட்டனில் இசையமைப்பு படிக்கப் போகிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்டு வருபவர்களிடம் நான் தரவரிசைப் பட்டியலை நீட்டுவதில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் கொடுத்தனுப்புகிறேன்: "நான் எழுதுவதை இங்கே யார் வாசிப்பார்கள், வருடத்துக்கு எத்தனை தடவை?" நீங்கள் தாளில் எழுதியதை ஒரு வயலின்காரர் வாசித்துப் பார்த்து, "இந்த இடத்தில் விரல் எட்டாது" என்று சொல்வார். அந்த ஒரு நிமிடத்தில் கற்பதைக் கணினி ஒரு வருடம் ஆனாலும் சொல்லித் தராது. கணினி எதையும் வாசித்துவிடும், மூச்சு வாங்காது.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கன்சர்வட்வார் எனப்படும் இசைக் கல்லூரி. லண்டனில் ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்ட்ஹால், டிரினிட்டி லபான். மான்செஸ்டரில் ராயல் நார்தர்ன். பர்மிங்ஹாம், கார்டிஃப், கிளாஸ்கோவிலும் இருக்கின்றன. படிப்பு பொதுவாக 4 ஆண்டுகள். இசையமைப்பு ஆசிரியருடன் தனி வகுப்பு இருக்கும், வாசிக்கும் மாணவர்கள் அதே கட்டடத்தில் இருப்பார்கள். பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் மதிப்பெண்ணைவிட, போர்ட்ஃபோலியோ எனப்படும் உங்கள் படைப்புத் தொகுப்பும் நேர்காணலும்தான் இடத்தைத் தீர்மானிக்கும்.

இன்னொன்று பல்கலைக்கழக இசைத்துறை. இங்கிலாந்தில் 3 ஆண்டுகள். முதலாண்டில் வரலாறு, இசைப் பகுப்பாய்வு, கட்டுரை என்று நிறைய இருக்கும். இசையமைப்பைப் பாடமாக எடுத்துப் போகப்போக அதற்கான பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். இது குறைந்த வழி என்று நினைக்க வேண்டாம். யார்க் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும் ஹடர்ஸ்ஃபீல்டும் சமகால இசைக்குப் பெயர் பெற்றவை. ஹடர்ஸ்ஃபீல்டில் 1978இல் தொடங்கிய சமகால இசை விழா நவம்பரில் நடக்கிறது. படிக்கும் ஊரிலேயே புதிய இசையைக் கேட்டு வளர்வது பெரிய கொடுப்பினை.

வாசிப்பவர்களின் நடுவே இருந்தால்தான் எழுத வருகிறது என்பவர்களுக்குக் கன்சர்வட்வார். இன்னும் முடிவாகவில்லை, ஒலிப்பதிவு, ஆய்வு, ஆசிரியப் பணி என்றும் மனம் போகிறது என்பவர்களுக்குப் பல்கலைக்கழகம். என் கணக்கு இதுதான்.

அடுத்தது பணம். புதிதாக வந்தவர்கள் இதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டும். 2025-26இல் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்ட். வெளிநாட்டு மாணவர் கட்டணம் பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உள்நாட்டுக் கட்டணத்துக்குப் பொதுவாக நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருக்க வேண்டும், படிப்பு தொடங்குவதற்கு முந்தைய 3 ஆண்டுகளும் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த 3 ஆண்டு நிபந்தனை இல்லை. பெற்றோரின் வேலை விசாவில் வந்த பிள்ளைகள், இங்கே பள்ளியில் படித்திருந்தாலும், வெளிநாட்டுக் கட்டணத்தில் விழலாம். இதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். யு.கே.சி.ஐ.எஸ்.ஏ. என்ற, வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பின் வழிகாட்டுதலைப் படித்துவிட்டு, நீங்கள் சேரப்போகும் இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

தேதிகள் ஏமாற்றிவிடும். யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக ஜனவரி வரை நேரம் இருக்கும். ஆனால் கன்சர்வட்வார்களுக்கு யூகாஸில் தனி விண்ணப்பம், அது அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதாவது படிப்பு தொடங்க ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால். கில்ட்ஹாலுக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் நடுவில் கடைசி நாள்.

இனி போர்ட்ஃபோலியோ. பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மூன்று படைப்புகளை, ஸ்கோரும் (எழுதிய இசைத்தாள்) ஒலிப்பதிவுமாகக் கேட்பார்கள். ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் எழுத வராதவர்கள் இன்றே தொடங்குங்கள். மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருள் இலவசம், கற்க அது போதும். கூடவே ஹார்மனியும், அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் முறையும். கர்நாடக இசை படித்தவர்களுக்குக் காது கூர்மையாக இருக்கும், தாளக் கணக்கு கைவசம் இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் நகர்வதை எழுதிப் பழகியிருக்க மாட்டார்கள்.

கர்நாடக இசையை ஒளித்துவைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். தோடி ராகத்தின் காந்தார சுரத்தின் அசைவை ஐந்து கோடுகளுக்குள் எப்படி எழுதுவது என்று போராடிய பக்கத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. தேர்வாளர்கள் தேடுவது உங்களுக்கு மட்டும் கேட்கும் ஒன்றை. அதற்காக, ராகத்தின் மேல் பியானோ கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை)ப் போட்டுவிட்டு இரண்டையும் இணைத்துவிட்டேன் என்று சொன்னால் எடுபடாது. அப்புறம், ஒலிப்பதிவில் ஒன்றாவது மனிதர்கள் வாசித்ததாக இருக்கட்டும். பள்ளியில் கிளாரினெட் வாசிக்கும் தோழி போதும், தொலைபேசியில் பதிவு செய்தாலும் போதும்.

ஓப்பன் டே என்று கல்லூரியைச் சுற்றிப் பார்க்க விடும் நாளுக்குக் கட்டாயம் போங்கள். கட்டடம் அழகாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, "சென்ற வருடம் உங்கள் படைப்பு எத்தனை தடவை வாசிக்கப்பட்டது? பதிவு உங்கள் கையில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொல்லிக் காதில் மாட்டிக் கேட்கத் தருபவர் கிடைத்தால், அந்த இடத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.