சவுக்குச் சில்லைக் காஸ்டிக்கில் ஊறவைக்கும் முறை: நார் என்ன ஆகிறது?

வடசென்னையில் கைக்காகிதம் செய்பவர்களுக்குக் கைக்கெட்டும் மரம் இரண்டு: சாரம் கட்டிக் கழித்த சவுக்கு, துறைமுகச் சரக்கோடு வரும் பைன் பேலட் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு). காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடில்லாமல் ஊறவைத்து, பிறகு அரைத்துக் கூழாக்கும் முறைக்குச் சவுக்கையே எடுங்கள். பைனின் லிக்னின், அதாவது நார்களை ஒட்டிவைக்கும் பசை, இதற்கு மசியாது. சல்ஃபைட் உப்பும் 120 டிகிரிக்கு மேல் சூடும் கேட்கும். பேலட்டில் 'MB' என்ற ஆங்கில முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி நச்சுப் புகை போட்டது, தொடவே வேண்டாம்.

பட்டையை உரித்துவிட்டுச் சில்லாக்குங்கள். நீளம் எப்படியும் இருக்கட்டும், தடிமன் 3 மி.மீ. தாண்டக் கூடாது. காஸ்டிக் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஊடுருவும். அதனால் நேரத்தைத் தீர்மானிப்பது தடிமன்தான்.

உலர்ந்த சில்லு 1 கிலோவுக்குக் கரைசல் 4 லிட்டர், லிட்டருக்குக் காஸ்டிக் சோடா 25 கிராம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் கையுறையும் கட்டாயம். பிளாஸ்டிக் டிரம் போதும். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜன் கிளப்பும்.

சில்லை முதலில் 15 நிமிடம் ஆவியில் வையுங்கள். சூடு ஆறுமுன் குளிர்ந்த கரைசலில் கொட்டினால், உள்ளிருக்கும் ஆவி சுருங்கிக் கரைசலை இழுத்துக்கொள்ளும். மிதக்கும் சில்லில் காற்று அடைபட்டிருக்கிறது. 2 மணி நேரம் கழித்து ஒரு சில்லை நடுவில் பிளந்து, மேல் ஈரத்தைத் துடைத்து, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பீனால்ஃப்தலீன் ஒரு சொட்டு விடுங்கள். நடுவரை இளஞ்சிவப்பு ஏறினால் சரி. நிறம் சற்று நேரத்தில் மங்கும், உடனே பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடம் அரைக்கும்போது சிராயாகத்தான் வரும்.

நாரின் முதன்மைப் பொருள் செல்லுலோஸ், அதோடு கலந்திருக்கும் குட்டைச் சங்கிலிச் சர்க்கரைப் பொருள் ஹெமிசெல்லுலோஸ். காஸ்டிக் இந்த ஹெமிசெல்லுலோஸின் அசிட்டைல் பிணைப்புகளை அறுக்கிறது, நாரின் சுவரை உப்ப வைக்கிறது. நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள லிக்னின் பசை இளகுவதால், அரைக்கும்போது நார் உடையாமல் முழுசாகப் பிரிகிறது. சவுக்கு நார் 1 மி.மீ. அளவுதான், அதையும் உடைத்துவிட்டால் கையில் மாவுதான் மிஞ்சும். இளகிய நார் தட்டையாகப் படிந்து ஒன்றோடொன்று நன்றாக ஒட்டும். தாள் இழுவைக்குத் தாங்கும். ஆனால் தாள் மெலியும், ஒளி ஊடுருவும், சல்லடையில் தண்ணீர் மெதுவாக இறங்கும், கூழும் மஞ்சளாகும்.

பலம் வேண்டுமென்று காஸ்டிக்கைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பலரும் செய்யும் தவறு. லிட்டருக்கு 100 கிராமை நெருங்கினால் செல்லுலோஸே உருமாறத் தொடங்கும். நார் சுருளும், ஒட்டுவதற்கு உதவும் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து போகும், தாள் பொசபொசவென்று கிழியும்.

கடலோரத்து உப்பு போர் தண்ணீரில் கடைசி அலசலைச் செய்யாதீர்கள், மெட்ரோ தண்ணீர் பிடியுங்கள். அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுப்பதானால் இது இன்னும் முக்கியம்: தண்ணீரில் இரும்பு இருந்தால் பெராக்சைடு வேலை செய்யுமுன்பே சிதைந்துவிடும்.

ஊறிய கரைசலில் காஸ்டிக் மிச்சமிருக்கும். அதில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, அமிலம் விட்டு எவ்வளவு மிச்சம் என்று அளந்து, குறைந்ததை மட்டும் சேர்த்து அடுத்த முறைக்கு வையுங்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு சொட்டும் விடக் கூடாது.