சவுதிக்கு புதுசா வர்றீங்களா, "மாஃபி" அரபியோட நின்னுடாதீங்க

வந்த முதல் வாரத்துலயே ரூம்ல இருக்கிற அண்ணன்மாருங்க நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்துடுவாங்க, ஃபீ (இருக்கு), மாஃபி (இல்ல), மாலூம் (தெரியும்), கலாஸ் (முடிஞ்சது). அதை வெச்சு பகாலால, அதாவது சின்ன மளிகைக் கடைல, தண்ணி வாங்கலாம், டாக்ஸி பிடிக்கலாம், பத்து வருஷம் கூட ஓட்டிடலாம், நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க. ஆனா ஒரு பேப்பர் கைக்கு வந்தா அந்த உடைஞ்ச அரபி எதுக்கும் உதவாது.

எங்க ரூம்ல ஒரு அண்ணன் ரெண்டு மாசம் லீவுல ஊருக்குப் போக இருந்தார், கம்பெனில ஒரு ஃபார்ம் கொடுத்து கையெழுத்து போட்டு கொண்டு வரச் சொல்லிட்டாங்க. ராத்திரி கட்டில்ல உக்காந்து பேனாவை எடுத்தவர்கிட்ட இருந்து ஃபார்மை வாங்கி நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். "குரூஜ்"னு இருந்துச்சு, வெளிய போறது, சரி. அடுத்து "வ அவ்தா"ன்னு வரணும், போயிட்டு திரும்பி வர்றதுன்னு அர்த்தம். ஆனா அங்க "நிஹாயி"ன்னு இருந்துச்சு. நிஹாயின்னா கடைசி, அதாவது ஃபைனல் எக்சிட், ஒரேடியா ஊருக்குப் போறது. காலைல போய் கேட்டதும் தப்பா அடிச்சுட்டோம்னு மாத்திக் கொடுத்துட்டாங்க, ஆனா அந்த ராத்திரி முழுக்க அவர் தூங்கவே இல்ல. நான் அப்போ அரபி படிக்க ஆரம்பிச்சு நாலு மாசம் கூட ஆகல, அதான் சொல்றேன், இது பெரிய படிப்பெல்லாம் இல்ல, உங்களாலயும் முடியும்.

முதல்ல எழுத்து. மொத்தம் 28, வலதுல இருந்து இடது பக்கம் போகும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும்போது ஒவ்வொரு எழுத்தும் உருவம் மாறும், அதுல தான் ஆரம்பத்துல தடுமாறுவோம். சின்ன வயசுல மதரஸா போனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், அவங்களுக்கு அர்த்தம் மட்டும் தான் வேணும். மத்தவங்க கடை போர்டு, ரோடு போர்டு பாத்து கூட்டிப் படிங்க, பெரும்பாலும் கீழயே இங்கிலீஷ்லயும் இருக்கும், அதை விட நல்ல வாத்தியார் கிடையாது. நம்பர் மட்டும் நம்மள மாதிரியே இடதுல இருந்து தான் படிக்கணும், அதுல புள்ளி வெச்சா பூஜ்யம், வட்டம் போட்டா அஞ்சு, இதை மாத்திக்காதீங்க, விலையே மாறிடும்.

அடுத்தது தான் அரபியோட உயிர்நாடி. பெரும்பாலான வார்த்தைக்கு மூணு எழுத்து தான் வேர். குரூஜ்ல இருக்கிற அதே மூணு எழுத்து தான் ரியாத் ரிங் ரோடுல "மக்ரஜ்"னு எக்சிட் நம்பரோட நிக்குது. முன்னாடி ஒரு "ம" சேர்ந்தா பெரும்பாலும் அது இடம். எழுதுற வேர்ல இருந்து மக்தப், ஆபீஸ். சமைக்கிற வேர்ல இருந்து மத்பக், கிச்சன். தொழுகைல நெத்திய தரையில வெச்சு வணங்குறது சஜ்தா, அதைச் செய்யற இடம் மஸ்ஜித். ஒரு வேர் பிடிபட்டா நாலஞ்சு வார்த்தை கூடவே வந்துடும், நோட்டுல வார்த்தை வார்த்தையா எழுதாம வேர் வேரா எழுதுங்க.

நோட்டுல எழுதும்போது ஒரு எச்சரிக்கை. தமிழ்ல எழுதினா இதயமும் "கல்ப்" தான், நாயும் "கல்ப்" தான்! ரியாத் பக்கம் இதயத்துக்கு "கணேசன்"ல வர்ற க, நாய்க்கு "கல்"லுல வர்ற க. இதுல குரூஜ்ல வர்ற க வேற, தொண்டையை செருமுற மாதிரி வரும். அதனால மூணுக்கும் தனித்தனியா ஒரு அடையாளம் போட்டு வெச்சுக்கோங்க.

இலக்கணத்துல சில இடத்துல நமக்கு இங்கிலீஷை விட அரபி பக்கம். "நான் டிரைவர்" அப்படியே "அனா சவ்வாக்", நடுவுல எதுவும் வேணாம், "இது வீடு" அப்படியே "ஹாதா பேத்". ஆனா பெரிய வீடுன்னா "பேத் கபீர்", வீடு முன்னாடி, பெரிய பின்னாடி. எல்லா பொருளும் ஆணோ பெண்ணோ தான், கார் பெண், அதனால "சய்யாரா கபீரா". வினைச்சொல்லுல நாம ஆளை வால்ல ஒட்டுவோம், போறேன், போற, போறான். அவங்க தலைல ஒட்டுவாங்க, அரூஹ், தரூஹ், யரூஹ். வேணும்ங்கிறதும் அதே கணக்கு தான், அப்கா, தப்கா, யப்கா.

ரெண்டுக்குன்னு தனி வடிவம் இருக்கு, இதை கவனமா கேளுங்க. யோம்னா ஒரு நாள், யோமேன்னா ரெண்டு நாள், ஷஹ்ரேன்னா ரெண்டு மாசம். சம்பளம் "பஅத் யோமேன்", ரெண்டு நாள் கழிச்சுன்னு முதீர், அதாவது மேனேஜர், சொன்னா நாளைக்கே போய் நிக்காதீங்க. 25ஐ "அஞ்சும் இருபதும்"னு திருப்பி தான் சொல்லுவாங்க, கம்ஸா வ இஷ்ரீன். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் தெரிஞ்சா ஞாயிறுல இருந்து வியாழன் வரைக்கும் கிழமையும் தெரிஞ்ச மாதிரி தான், அஹத், இத்னேன், துலாதா, அர்பிஆ, கமீஸ்.

அப்புறம், நீங்க வெறுங்கையோட வரல. ஏர்போர்ட் போர்டுல இருக்கிற "வுஸூல்" வந்து சேர்றது, நம்ம வசூல் அதுல இருந்து வந்தது தான். வாசல்ல இருக்கிற "துகூல்" உள்ள போறது, மனு தாக்கல் பண்றோமே, அந்த தாக்கலுக்கும் அதே வேர். பாக்கி, காலி, வாரிசு எல்லாம் அங்க இருந்து வந்தது. ஆனா "வகீல்"னா இங்க ஏஜென்ட், கோர்ட்டுல வாதாடுறவர் "முஹாமி", அதை மட்டும் குழப்பிக்காதீங்க.

டிவி செய்தில வர்ற அரபியும் தெருவுல பேசுறதும் வேற வேற. தண்ணி எழுத்துல "மா", பேச்சுல "மோயா". படிக்க அது, பேச இது, ரெண்டும் வேணும். நீங்க, வாங்கன்னு மரியாதைக்கு தனியா கிடையாது, முதீருக்கும் "இன்த" தான், பொம்பளைங்கன்னா "இன்தி". மரியாதை "லவ் ஸமஹ்த்"ல இருக்கு, கொஞ்சம் தயவு செஞ்சுன்னு அர்த்தம். நாளைக்கு காலைல பகாலால "மோயா ஃபீ?"ன்னு கேக்காம "லவ் ஸமஹ்த், அப்கா மோயா"ன்னு கேட்டுப் பாருங்க, பொம்பளைங்ககிட்ட கேக்கும்போது "லவ் ஸமஹ்தி".