பெருந்தொற்றுக் காலத்தில் சிறிய அரிசி ஆலையை நடத்துவது எப்படி?

2020ஆம் ஆண்டு மேட்டூர் அணை உரிய நாளான ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டதால் தஞ்சைப் பகுதியில் குறுவை நன்றாக விளைந்து, கொரோனா அடங்கும் முன்பே நெல் மூட்டைகள் ஆலை வாசலுக்கு வந்துவிட்டன. திருவையாற்றுக்கு அருகில் உள்ள எங்கள் ஆலையில் அப்போது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, மூச்சுக்காற்றின் வழியே பரவும் எந்த நோய்க்கும் பொருந்தும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை கூலியைப் பற்றியது. காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை எந்தச் சுமைப்பணியாளரும் உண்மையைச் சொல்லமாட்டார். எங்கள் ஆலையில் ஒருவர் மாத்திரையை விழுங்கிவிட்டு மூன்று நாள் மூட்டை தூக்கினார். தவறு அவருடையதன்று, விடுப்புக்குக் கூலி உண்டு என்று முன்கூட்டியே சொல்லாத என்னுடையது. ஆகவே வெப்பமானி வாங்குவதற்கு முன், நோய்க்கால விடுப்புக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதை முடிவு செய்து, மேஸ்திரி உட்பட எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஆலையை ஒருமுறை சுற்றி வந்து காற்று தேங்கும் இடங்களைக் கண்டுபிடியுங்கள். நெல் காயும் களத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. திறந்த வெளியில் தொற்று பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு. எடைமேடைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அறை, கணக்கர் அறை, ஓய்வுக் கொட்டகை ஆகிய மூன்றும்தான் சிக்கலானவை. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் நடுவில் பிடித்துப் பாருங்கள். புகை ஒரு பக்கமாக நகர்ந்து வெளியேறினால் நல்லது. அங்கேயே சுருண்டு நின்றால், அந்த அறையில் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். எங்கள் கணக்கர் அறையில் புகை சுவர்க் காலண்டர் வரை போய்த் திரும்பியது.

சன்னல்களை மூடிவிட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் அதே காற்றுதான் கலங்கும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஒன்றில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்துங்கள். கரியமில வாயு அளக்கும் கருவி கிடைத்தால் உதவும்: வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும், அறைக்குள் 800ஐத் தாண்டினால் ஆட்களைக் குறைக்க வேண்டும் அல்லது காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். உமி எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். அடுப்பிலிருந்து வரும் வாயுவையும் சேர்த்தே அது கணக்கிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்குவார்கள் என்பதால், அதன் பக்கத் தட்டிகளை அதற்கு முன்பே பாதி உயரத்துக்கு வெட்டிவிடுவது நல்லது.

தேநீர் நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். வேலையின்போது முகக்கவசத்தோடு தள்ளி நிற்பவர்கள், காலைத் தேநீருக்கு அதைக் கழற்றிவிட்டு ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்கள். ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, கால் மணி நேர இடைவெளியில், வேப்பமரத்தடியில் தேநீர் கொடுங்கள். ஒரு குழுவின் ஆட்கள் மறு குழுவோடு வேலை செய்யாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகக்கவசத்தில் என்95 வகை சிறந்தது. வால்வு வைத்ததை வாங்காதீர்கள், அது அணிந்தவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். தவிட்டுத் தூசியாலும் நெல் அவிக்கும் ஆவியாலும் முகக்கவசம் விரைவில் அடைத்து நனைந்துவிடும் என்பதால், ஆலைக்குள் வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒன்றாவது தேவைப்படும். தோளில் கிடக்கும் துண்டு இதற்கு ஈடாகாது.

கைகழுவுவதற்குச் சோப்பும் தண்ணீரும் போதும், 20 விநாடி தேய்த்தால் சரி. ஆல்கஹால் கலந்த சானிடைசரைக் கொதிகலன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது தீப்பற்றும். சாக்குகளின் மீது மருந்து தெளித்து நாங்கள் வீணாக்கிய பணத்தில் இன்னும் இரண்டு விசிறி வாங்கியிருக்கலாம். ஆட்கள் மீது எந்தக் கிருமிநாசினியையும் தெளிக்கக் கூடாது.

நெல் கொண்டுவரும் விவசாயிகளுக்கு நேரம் குறித்து டோக்கன் கொடுங்கள். லாரி ஓட்டுநரிடம் எடைச்சீட்டைச் சன்னல் வழியாகவே கொடுத்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், உடனே வீட்டுக்கு அனுப்பி, பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஐயம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். கொரோனாவில் அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவும் என்பதால், அந்த இரண்டு நாளில் அவரோடு யார் மூட்டை பிடித்தார், யார் உடன் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது தெரிய வேண்டும். அதற்காகவே மேஸ்திரி தினமும் குழுவின் பெயர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வர வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். ஆக்ஸிமீட்டர் திரும்பி வந்ததும் துடைத்து, அதே நோட்டோடு மேசை டிராயரில் வைத்துவிடுங்கள்.