அக்செப்ட் ஆனதும் கையெழுத்துப் போடாதீர்கள்: ஆய்வுக் கட்டுரை அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுமாணி முடிக்கிற காலம் வந்தால் போதும், வந்தாறுமூலை, ஒலுவில் கம்பஸ்களிலிருந்து ஒரே மாதிரி வட்ஸ்அப் வரும். "சேர், பேப்பர் அக்செப்ட் ஆயிற்று! ரெண்டு நாளைக்குள்ள காசு கட்டட்டாம்." இந்த இரண்டு வசனமும் சேர்ந்து வந்தால் எனக்கு வயிறு கலங்கும். எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிதான்: காசுக்காக எதையும் போடுகிற போலி ஜேர்னல். இப்போது அதற்கு நல்ல வெப்சைட் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுத்துப்பிழை, உசாத்துணை ஒழுங்கு, அட்டவணை எண் போன்றவற்றை மேற்பார்வையாளர் சிவப்பு மையால் பார்த்துக்கொள்வார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேடி வந்து கேட்கிற ஜேர்னலுக்குக் கட்டுரையைக் கொடுப்பது

வேலைக்குச் சேர்ந்து மூச்சுவிடவில்லை, உதவி விரிவுரையாளருக்கு "மாண்புமிகு பேராசிரியர் அவர்களே" என்று ஈமெயில் வருகிறது. சிம்போசியத்தில் வாசித்த சுருக்கத்தின் தலைப்பை அப்படியே வெட்டி ஒட்டி, "தங்கள் அரிய ஆய்வு எம்மைக் கவர்ந்தது" என்கிறார்கள். வெப்சைட்டில் ஐஎஸ்எஸ்என் எண், யாரும் கேள்விப்படாத ஒரு 'இம்பாக்ட் ஃபாக்டர்' (ஜேர்னலின் மதிப்பைக் காட்டுவதாகச் சொல்லும் புள்ளி), லண்டன் முகவரி எல்லாம் இருக்கும். அனுப்பிய கிழமைக்குள்ளேயே பதில் வந்துவிடும். ரிவியூவர் சொன்னது என்ன என்று கேட்டால், "நல்ல கட்டுரை, ஆங்கிலத்தைச் சற்றுப் பார்க்கவும்" என்பதோடு சரி. கட்டுரையின் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் படிவமும் இன்வொய்ஸும் கூடவே வரும்.

காசு போனதைத்தான் எல்லோரும் சொல்லி அழுவார்கள். காசை இன்னொரு மாதம் உழைக்கலாம். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது தரவு போவது.

ஒரு பிள்ளை மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மையை ஒரு மாரியும் ஒரு கோடையும் அளந்தது. வலையிறவுப் பாலத்தடி, மண்முனை, கல்லடி என்று இடம் இடமாகத் தண்ணீர் எடுக்கும். போத்தலில் மார்க்கரால் இடமும் நேரமும் எழுதி, மீன்வாடியில் கேட்டு வாங்கிய ஐஸோடு ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கம்பஸுக்குக் கொண்டுவரும். வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டிவிட்டதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளும் அதில் இருந்தன. அடுத்த மாரிக்குப் போய் அதையே திரும்ப எடுக்க முடியாது. அது வேறு மழை, வேறு வெள்ளம்.

அந்தக் கட்டுரை இப்படியான ஒரு ஜேர்னலுக்குப் போனது. என்னிடம் வந்தபோது படிவத்தில் கையெழுத்து வைத்தாயிற்று. "எடுத்துவிடு" என்றேன். எழுதிக் கேட்டால், விலக்கிக்கொள்வதற்கும் கட்டணமாம், அதுவும் பிரசுரக் கட்டணத்தை விடக் கூட! பிள்ளை ஒரு சதமும் கட்டவில்லை. அவர்கள் எப்படியும் போட்டுவிட்டார்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை, வரைபடத்தில் அச்சுகளைக் காணோம். பிறகு ஒரு நல்ல ஜேர்னலுக்கு அனுப்பினோம். அந்த ஆசிரியர் ஒப்புமைச் சோதனை போட்டதும் பழைய பிரசுரம் வந்து நின்றது. ஏற்கெனவே வெளியானதை எடுக்கமாட்டோம் என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். ஒரே முடிவை இரண்டு தடவை வெளியிடுவது நேர்மைக்கேடு. ஆக, அந்த அளவுகள் எவரும் மேற்கோள் காட்டக் கூசுகிற இடத்தில் கிடக்கின்றன. வேறு இடத்துக்கும் கொண்டுபோக முடியாது.

எங்கள் பிள்ளைகள்தான் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். 2013இல் ஜோன் பொஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே ஓட்டை வைத்த ஒரு போலிக் கட்டுரையை 304 ஜேர்னல்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 ஏற்றுக்கொண்டன. ஜேர்னல்கள் நடத்தும் ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் ஃபெடரல் ட்ரேட் கமிஷன் வழக்குப் போட்டது. கட்டணத்தை முதலில் மறைத்தார்கள், கட்டுரையை மீளப்பெற விடவில்லை என்பவை குற்றச்சாட்டுகளில் இருந்தன. 2019இல் 5 கோடி டொலருக்கு மேல் கட்டச்சொல்லித் தீர்ப்பு வந்தது. அதனால் எங்களுக்கு வரும் ஈமெயில் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐஎஸ்எஸ்என் என்பது ஓர் அடையாள எண், கேட்டால் கிடைக்கும். டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண்ணும், கூகுள் ஸ்கொலரில் தெரிவதும் தரச்சான்று அல்ல. அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் இப்படியான ஜேர்னல்களுக்குப் போட்ட கறுப்புப் பட்டியலைத் தேடுபவர்களுக்கு: அவர் அதை 2017 ஜனவரியில் எடுத்துவிட்டார். இப்போது சுற்றுவது வேறு ஆட்கள் வைத்திருக்கும் பிரதிகள். அதைவிட, அந்த ஜேர்னலின் கடைசி இதழைத் திறந்து உங்கள் துறைக் கட்டுரை இரண்டை முழுதாக வாசியுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவரே அந்தப் பதவியைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் காசு கட்ட வேண்டாம், படிவத்தில் கையெழுத்தும் வேண்டாம். விலக்கிக்கொள்கிறேன் என்று திகதியோடு ஈமெயில் எழுதி, பிரதியை மேற்பார்வையாளருக்கும் போடுங்கள். விடுவித்ததாக எழுத்தில் பதில் கேளுங்கள். பிரசுரமாகியே விட்டதென்றால் அடுத்த ஜேர்னலுக்கு அதை முகப்புக் கடிதத்திலேயே சொல்லுங்கள். சில வேளை மறுப்பார்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் கட்டாயம் மறுப்பார்கள், உங்கள் பெயரும் நினைவில் நிற்கும்.

'ஸ்கோபஸ்' என்று போட்டிருந்தால் நம்புவது

ஸ்கோபஸ் என்பது தேர்ந்தெடுத்த ஜேர்னல்களைச் சேர்க்கும் தரவுத்தளம். அதில் இருக்கிறதா என்று ஜேர்னலின் பக்கத்தில் பார்க்காதீர்கள். ஸ்கோபஸின் மூலப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். சேர்ப்பது நிறுத்தப்பட்டிருந்தால் ஆண்டோடு அங்கே எழுதியிருக்கும். இன்னொரு சூழ்ச்சி, உண்மையான ஜேர்னலின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலி வெப்சைட் போடுவது. ஜேர்னல் அசல், நீங்கள் நிற்கிற வாசல் போலி. உள்ளூர் இதழ்கள் என்றால் 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தைப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் 'அக்ரிஈஸ்ட்' அங்கே இருக்கிறது. உள்ளூர் என்று முகம் சுளிப்பவர்கள்தான் பிறகு லண்டன் முகவரிக்குக் காசு அனுப்புகிறார்கள்.

பெரிய பதிப்பகம் என்றால் பயமில்லை என்பது

ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வைலி என்ற பெரிய பதிப்பகம் 2021இல் வாங்கியது. சிறப்பிதழ்கள் வழியாகக் கட்டுரை ஆலைகள், அதாவது காசுக்குப் போலிக் கட்டுரை செய்து விற்பவர்கள், உள்ளே புகுந்ததால், 2023இல் மட்டும் வெளியான 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைப் பதிப்பகமே விலக்க வேண்டி வந்தது. ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. சிறப்பிதழுக்கு அழைப்பு வந்தால் அழைக்கும் ஆசிரியர் யார் என்று விசாரியுங்கள்.

டேர்னிட்டின் வீதத்தைக் குறைக்க மென்பொருளில் போட்டு எடுப்பது

டேர்னிட்டின் என்பது உங்கள் எழுத்து வேறு எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று வீதம் போட்டுக் காட்டும் சோதனை. அதைக் குறைக்கப் போடும் மென்பொருள் சொல்லைத்தான் மாற்றும். கருத்து இன்னொருவருடையதாகவே இருக்கும், களவும் களவாகவே இருக்கும். போதாததற்கு, துறைக்குரிய கலைச்சொற்களையும் அது சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்த சொற்களை வைத்தே போலிக் கட்டுரைகளைப் பிடிக்கும் வேலையை 2021 முதல் பிரெஞ்சுக் கணினி விஞ்ஞானி கியோம் கபானாக் குழுவினர் செய்துவருகிறார்கள். வீதம் கூட வந்தால் அந்தப் பந்தியை மூடிவைத்துவிட்டு, விளங்கியதை எழுதுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு ஜேர்னலுக்கு அனுப்புவது

கூடாது.

சட்ஜிபிடி தந்த உசாத்துணை

ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். திறக்க முடியாததை வெட்டுங்கள்.

மரியாதைக்காகப் பெயர் போடுவது

"டீன் சேரின்ட பேரையும் போடுவமா சேர்?" போட வேண்டாம். ஆய்வில் பங்கெடுத்து, எழுத்தில் கைவைத்து, இறுதி வடிவத்தை வாசித்து ஒப்புக்கொண்டு, அதற்குப் பொறுப்பும் ஏற்பவர்தான் ஆசிரியர். கட்டுரையில் பிழை பிடிபட்டால் கூட நின்று பதில் சொல்லாதவருக்கு நன்றியுரையில் இடம் இருக்கிறது. இதைச் சொல்வது எளிது, பெயரைக் கேட்பவரே உங்கள் பதவி உயர்வுப் படிவத்தில் கையெழுத்திடுபவராக இருந்தால் கஷ்டம் என்பதும் தெரியும். அப்போது மேற்பார்வையாளரை முன்னுக்கு விடுங்கள்.

தரவு எடுத்த பிறகு எதிக்ஸ் கிளியரன்ஸ் (நெறிமுறை அனுமதி) தேடுவது

நாவலடியிலும் மருதமுனையிலும் 2004 சுனாமிக்குப் பிறகு வினாக்கொத்தோடு வந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. "போன தடவையும் எழுதிட்டுத்தானே போனீங்க" என்று வாசலிலேயே கேட்பார்கள். அவர்களிடம் மறுபடி போவதற்கு முன் அனுமதி கையில் இருக்க வேண்டும். முடிந்த களவேலைக்கு நெறிமுறைக் குழு பின்னால் அனுமதி தராது. அனுமதி எண் இல்லாமல் ஜேர்னலும் எடுக்காது. குழு எப்போது கூடுகிறது என்று கேட்டறிந்த பிறகு களவேலைக்கு நாள் குறியுங்கள்.