லூயிஸ், கிளார்க் காலத்துப் பாணியில் காட்டு கூஸ் சமைப்பது எப்படி?

1804 முதல் 1806 வரை அமெரிக்காவின் மிசௌரி ஆற்றின் வழியாகப் பசிபிக் கரை வரை போய்த் திரும்பிய லூயிஸ், கிளார்க் என்ற இருவர் தலைமையிலான ஆய்வுப் பயணக் குழுவுக்குக் கூஸ் (வாத்தைவிடப் பெரிய நீர்ப்பறவை) முக்கியச் சாப்பாடு அல்ல. ஒரு நாளைக்கு வயிறார நான்கு மான், அல்லது ஒரு எல்க்கும் (பெரிய மான் வகை) ஒரு மானும், இல்லையென்றால் ஒரு காட்டெருமை வேண்டும் என்று 1805 ஜூலையில் லூயிஸ் எழுதி வைத்தார். அந்தப் பசிக்கு ஒரு கூஸ் எந்த மூலைக்கு? நம் வீட்டில் நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும்.

படி 1: பறவை

பாதி ருசி இங்கேதான் முடிவாகிறது. 1805 ஜூலை 21 அன்று லூயிஸின் நாய் சீமன் சில கூஸ்களைப் பிடித்தது. அது இறகு உதிரும் பருவம்; பறக்க முடியாத பறவை நாய்க்குச் சுலபமாகச் சிக்கும். குஞ்சுகள் அருமை, கிழங்கள் மெலிந்துபோய் உதவாது என்று அவர் அன்றே குறித்தார். ஆகவே கோடைப் பறவை வேண்டாம். தின்று கொழுத்த இலையுதிர்காலப் பறவையே நல்லது.

அமெரிக்காவில் காட்டு கூஸ் இறைச்சியை விற்கக் கூடாது. உரிமம் உள்ள வேட்டைக்கார நண்பர் தந்தால்தான் உண்டு. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை. ஆனாலும் எஃகுக் குண்டு பல்லை உடைக்கும். மார்புக் கறியை விரலால் தடவி, சிறு துளையோ கருத்த இரத்தக் கட்டோ தெரிந்தால் கத்தி முனையால் குண்டைத் தோண்டி எடுங்கள். அது இழுத்துக்கொண்டு போன இறகும் உள்ளேயே இருக்கும்.

படி 2: சுத்தம்

இறகைப் பிடுங்கியதும் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற மென்தூவி போகவே போகாது. நாட்டுக்கோழியை வாட்டுவது போல நெருப்பில் காட்டி எடுங்கள். வாலுக்கு மேலே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள், விட்டால் கவிச்சி அடிக்கும். தோலை மட்டும் உரிக்காதீர்கள். இருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பும் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது.

படி 3: உப்பு

கால்களைத் தனியாக வெட்டி வையுங்கள். உடலுக்கு உள்ளும் புறமும் உப்புத் தடவி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். பசிபிக் கரையில் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தபோது, அது இல்லாமல் தான் பட்ட பாட்டை லூயிஸ் எழுதினார். கிளார்க்கோ உப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். இந்த விஷயத்தில் நான் லூயிஸ் கட்சி.

படி 4: நெருப்பு

பண்ணைக் கூஸில் நெய்யாக ஒழுகும். காட்டுப் பறவை பறந்து பறந்து இறுகியது, சொந்தக் கொழுப்பு போதாது. அதனால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அந்தக் குழுவினரிடம் கரடிக் கொழுப்பு இருந்தது. நமக்குப் பன்றிக் கொழுப்போ வெண்ணெயோ போதும்.

விறகு எரிந்து தணலாகட்டும். உடலைக் கம்பியில் கோத்து, தணலுக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே இருங்கள். அடியில் ஒரு தட்டு வைத்து, அதில் சொட்டுவதையும் உருக்கிய கொழுப்பையும் சேர்த்து அடிக்கடி மேலே ஊற்றுங்கள். கறி மாட்டுக்கறி போலச் சிவந்திருக்கும், நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. மார்பின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்தி, 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் உடனே இறக்குங்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக வெட்டுங்கள்.

படி 5: கால்கள்

இவற்றைத் தணலில் காட்டினால் செருப்புத் தோல்தான். கனத்த பாத்திரத்தில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, உப்பும் ஒரு கரண்டிக் கொழுப்பும் சேர்த்து, கறி எலும்பைவிட்டுக் கழலும்வரை சிறுதீயில் வையுங்கள். மூன்று மணி நேரம்கூட ஆகலாம். பறவை கிழமாக இருந்தால் குக்கரிலேயே போட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. அந்தச் சாற்றில் கொஞ்சம் சோளமாவைக் கரைத்து விட்டால் கெட்டியான கஞ்சி தயார்.